ஏற்காடு ஏறப்போகும் பழைய அம்பாசடர்: ஒயரிங், டைனமோ, பாயிண்ட்டில் எதை மாற்றலாம், எதை விடலாம்

பழைய அம்பாசடரைப் பிரித்துப் போட்டதும் எழுகிற முதல் கேள்வி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வேலையைக் கூடுதல் கரண்டோடு செய்யும் ஆல்டர்நேட்டர் மாட்டலாமா என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. முதலாவது எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை), இரண்டாவது ஒயரிங். இரண்டையும் சரி பார்க்காமல் 45 ஆம்பியர் ஆல்டர்நேட்டரை மாட்டினால், ஐம்பது வருஷத்து ஒயருக்குள் இரண்டு மடங்கு கரண்டைத் தள்ளுகிறோம் என்று அர்த்தம்.

இங்கே பேசுவது 1960களிலும் 70களின் முதல் பாதியிலும் வந்த, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வகை எலக்ட்ரிகல் சாமான்களும் கொண்ட வண்டிகளைப் பற்றி. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஃபியட் 1100-க்கு ஒயர் நிறங்கள் வேறு, கணக்கு ஒன்றே. வண்டி சேலத்தில் நிற்கிறது, அவ்வப்போது ஏற்காடு ஏறும் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 280 மீட்டரிலிருந்து 1500 மீட்டருக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் ஒயர் மேலுறை வெந்து மொறுமொறுவென்று உடையும். மேலே ஐப்பசி மூட்டத்தில் கனெக்டருக்குள் ஈரம் இறங்கிக் களிம்பு பிடிக்கும். இரண்டையும் ஒரே ஒயரிங் தாங்கியாக வேண்டும்.

முதலில் மீட்டரை எடுங்கள்

எந்தச் சாமானை வாங்கும் முன்பும் அரைமணி நேரம் மல்டிமீட்டரோடு செலவழியுங்கள். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் குமிழில் (கிளாம்பில் வைக்கக் கூடாது, குமிழிலேயே வைக்க வேண்டும்), இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில். மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.25 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. அடுத்து குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையே, பிறகு கிளாம்புக்கும் பாடிக்கும், பாடிக்கும் பிளாக்குக்கும் இடையே என்று நகர்த்திக்கொண்டே போனால் அடைப்பு எங்கே என்று மீட்டரே சொல்லிவிடும்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பின்னல் பட்டைதான் கரண்ட் திரும்பும் வழி. அது அரித்துப்போனால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். சோக் கேபிள் சுட்டு, புகைந்து, இறுகிப் போகும். பாவம், புதுச் சோக் கேபிள் வாங்கி மாட்டுவார்கள். அதுவும் எரியும்.

ரீஸ்டோர் செய்த வண்டியில் எர்த் கெடுவதற்கு முதல் காரணம் பெயிண்ட். டிங்கரிங் முடிந்து, பிரைமர் அடித்து, பளபளவென்று வந்த பாடியில் எர்த் போல்ட் பெயிண்ட் மேலேயே உட்கார்ந்திருக்கும். இண்டிகேட்டர் போடும்போது பின்லைட் அதே தாளத்தில் மங்கி எரிந்தால் இதுதான் விஷயம். போல்ட் உட்காரும் இடத்தைத் தகரம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகு மேலே வாசலைன் தடவுங்கள். முன்னால் தடவக் கூடாது. பட்டை 25 சதுர மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒயரிங்: ஒட்டுப்போடுவதா, ரெடிமேட் கிட்டா, பலகையில் கட்டுவதா

இருக்கிற ஒயரிங்கில் கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது செலவு குறைந்த வழி. ஒயரை விரலில் வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடிக்காமல் வளைந்து, நுனியைச் சீவினால் செம்பு செம்பாகவே இருந்தால் ஒட்டுவதில் தவறில்லை. செம்பு கறுத்து, ஈயம் பிடிக்க மறுத்தால் அந்த ஒயரின் காலம் முடிந்துவிட்டது. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் பின்லைட்டுக்குப் போகும் நீளத்திலும் ஒயர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எஞ்சின் பக்கமும் முன்னால் ஹெட்லைட் பக்கமும்தான் வெந்துபோயிருக்கும். ஆகவே முன்பாதியை மட்டும் புதிதாக்கும் பாதி வழியும் உண்டு. எலி கடித்த வண்டிக்கு அந்த யோசனையே வேண்டாம், முழுசாக மாற்றுங்கள். கடித்த இடம் ஒன்று கண்ணில் பட்டால், டேப்புக்குள் தெரியாத இடம் இன்னும் இருக்கும்.

ரெடிமேட் கிட் வாங்கினால் நேரம் மிச்சம். வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். ஒயரின் நுனியைக் கத்தியால் கீறினால் உள்ளே செம்பு நிறம் வரவேண்டும். வெள்ளையாகவே இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர். திம்பிள் (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் முனை) ஒயரை மட்டும் பிடித்தால் போதாது, மேலுறையையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது நிறம். லூகாஸ் முறையில் பிரவுன் என்றால் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைட் (நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம்), சிவப்பு பார்க்கிங்கும் பின்லைட்டும், கறுப்பு எர்த். பல கிட்களில் பிரதான நிறங்கள் சரியாக இருந்து கோடுகள் மட்டும் காணாமல் போயிருக்கும். அப்படியிருந்தால் மாட்டும்போதே ஒவ்வொரு நுனிக்கும் எண் ஸ்லீவ் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வருஷம் கழித்து வேறு எலக்ட்ரீஷியன் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு உங்களைத் திட்டுவார்.

எங்கள் ஓட்டு மூன்றாவது வழிக்கு. பழைய ஒயரிங்கைச் சேதமில்லாமல் வெளியே எடுத்து, எட்டடிப் பிளைவுட்டின் மேல் விரித்து, கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஆணி அடித்து, அதன் மேலேயே புதிது கட்டுவது. ஒவ்வொரு நுனியிலும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள், மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம். லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ., ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 2.5, மெயின் ஃபீடுக்கு 6, பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு 35. ஒட்டும் டேப்பை முழுநீளம் சுற்றாதீர்கள். சேலம் வெயிலில் பசை உருகி வெளியே வழிந்து, அதில் தூசி அப்பி, பிறகு கைவைக்கவே முடியாது. பசையில்லாத பி.வி.சி. டேப்தான் சுற்றவேண்டும். நுனியை மட்டும் ஒட்டும் டேப்பால் முடிக்கலாம். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒற்றைக் கம்பி ஒயர் வண்டிக்கு ஆகவே ஆகாது, அதிர்வில் திம்பிள் அருகே முறியும். மெல்லிய இழைகள் கொண்ட ஆட்டோ ஒயர்தான் வேண்டும். கோடு போட்ட இரட்டை நிறச் சுருள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் கோவையிலோ சென்னையிலோ மொத்தமாக வாங்கி வந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதியில் நிறம் மாற்றிக் கட்டிய ஒயரிங்கில் பழுது தேடுவது நரகம்.

35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் கண்ணாடி ஃபியூஸ்

பழைய லூகாஸ் ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ், ஒவ்வொன்றிலும் 35 என்று எழுதியிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர் சொச்சம். இன்று கடையில் கேட்டு வாங்கும் 35 ஆம்பியர் ஃபியூஸ் பெரும்பாலும் 35-ஐத் தொடர்ந்து தாங்கும் வகை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். தொடர் அளவு 15 முதல் 17 ஆம்பியர் உள்ளதைப் போடுங்கள். ஹெட்லைட் சர்க்யூட்டுக்குக் கம்பெனி ஃபியூஸே வைக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டாயம் என்றே சொல்வோம். 10 ஆம்பியர் கரண்ட் 4 மீட்டர் நீள 1.5 சதுர மி.மீ. ஒயரில் போனால் ஏறக்குறைய அரை வோல்ட் ஒயரிலேயே கரைகிறது. தேய்ந்த லைட் சுவிட்சும், காலால் மிதிக்கும் டிம் சுவிட்சும், களிம்பு பிடித்த புல்லட் கனெக்டர்களும் சேர்ந்து இன்னொரு ஒன்று ஒன்றரை வோல்ட்டைத் தின்னும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். மங்கலுக்குக் காரணம் பல்பு என்று எண்ணி எல்.இ.டி. மாற்றுவது வீண். பழைய ரிஃப்ளெக்டரில் அதன் வெளிச்சம் சிதறும், மலைமூட்டத்தில் முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும். சாதாரண 60/55 வாட் ஹாலஜன் பல்புக்கு முழு வோல்டேஜ் கிடைத்தாலே போதும்.

கட்டும் முறை: சோலினாய்டின் (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்) பேட்டரி போல்ட்டிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர், உடனே 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. பழைய நீல ஒயர்கள் 86-க்கு, 85 எர்த்துக்கு. 87-லிருந்து வெளியே வருவதை இரண்டாகப் பிரித்து இடது வலது பல்புகளுக்குத் தனித்தனி 10 ஆம்பியர் ஃபியூஸ். இந்தக் கடைசிப் பிரிப்பைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். இரண்டு பல்புக்கும் ஒரே ஃபியூஸ் என்றால், அது போகும் நேரம் பதினாறாவது வளைவில் இரவு எட்டு மணியாக இருக்கலாம். ரிலேக்களை ரேடியேட்டர் பக்கத்துத் தகரத்தின் பின்னால், பின்கள் கீழே பார்க்க மாட்டினால் தண்ணீர் உள்ளே நிற்காது, வெளியே தெரியவும் தெரியாது.

இப்போது டைனமோ கேள்விக்கு வரலாம்

மூட்டமான மாலையில் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். டிம் லைட் 9 ஆம்பியர், பார்க்கிங், பின்லைட், நம்பர் பிளேட், டேஷ் எல்லாம் சேர்த்து இரண்டரை, வைப்பர் 3, இக்னிஷன் 3. மொத்தம் பதினேழரை. பிரேக் மிதிக்கும்போது இன்னொரு மூன்றரை. லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர், அதற்கு முந்தைய சி39 என்றால் 19. அதுவும் எஞ்சின் ஓடும் வேகத்தில்தான். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் வராது.

இங்கே ஒரு தவறான எண்ணம் உண்டு. மலை ஏறும்போது டைனமோ திணறும் என்பார்கள். இல்லை. இரண்டாம் கியரில் இழுத்து ஏறும்போது எஞ்சின் வேகம் நன்றாகவே இருக்கும், டைனமோ தன் பங்கைக் கொடுத்துவிடும். பேட்டரியைக் காலி செய்வது நிற்கும் நேரம்: மே மாதக் கோடை விழாவில் பஸ்ஸுக்குப் பின்னால் வளைவில் வரிசைகட்டி நிற்பது, சேலம் ஐந்து ரோட்டில் லைட்டோடு சிக்னலுக்குக் காத்திருப்பது. இருபது நிமிடம் ஐடிலில் நின்றால் பேட்டரியிலிருந்து 6 ஆம்பியர்-ஹவர் போய்விடும். பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆகவே பகல் வண்டிக்கு, கல்யாண வண்டிக்கு, ராலிக்குப் போகும் வண்டிக்கு டைனமோவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. புதுப்பிப்பதும் கஷ்டமில்லை. முதலில் சோதனை: டைனமோவின் டி (கரண்ட் வெளியேறும் முனை), எஃப் (ஃபீல்டு காயில் முனை) இரண்டு ஒயரையும் கழற்றி, இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டர் வைத்து, ஐடிலிலிருந்து மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். வோல்டேஜ் சரசரவென்று ஏறவேண்டும், 20-ஐத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே இல்லையென்றால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அரை அல்லது ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயில் கோளாறு, நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சர். ஃபீல்டு காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 6 ஓம் இருக்கவேண்டும். கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகச் சீவியபின் இடையிலுள்ள மைக்காவை 0.8 மி.மீ. ஆழத்துக்கு அறுத்துவிட வேண்டும். லேத் பட்டறையில் சீவுவதோடு விட்டுவிடுவார்கள், அறுப்பதை நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். பின்பக்க வெண்கலப் புஷ்ஷைப் போடுமுன் ஒருநாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறவையுங்கள். டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துச் சார்ஜைக் கட்டுப்படுத்தும், பட்டறையில் கட்-அவுட் என்று சொல்லும் கன்ட்ரோல் பாக்ஸ் 12.7-க்கும் 13.3 வோல்ட்டுக்கும் நடுவே இணையவேண்டும். அது பழையதாக இருந்து எரியாமல் இருந்தால், புது டூப்ளிகேட்டை விட அதுவே மேல்.

இரவில், மூட்டத்தில், ஃபாக் லைட்டோடு ஓடும் வண்டிக்கு டைனமோ போதாது. இரண்டு 55 வாட் ஃபாக் லைட் போட்டால் தேவை 26 ஆம்பியரைத் தாண்டுகிறது, அதோடு கணக்கு முடிந்தது. மாருதி 800 போன்ற சிறு வண்டியின் ஆல்டர்நேட்டர் சுலபமாகக் கிடைக்கும், ரிப்பேரும் எல்லா ஊரிலும் நடக்கும். டைனமோ நீளம், ஆல்டர்நேட்டர் குட்டை. அதனால் கீழ்ப் பிராக்கெட்டில் பின்பக்கம் ஒரு ஸ்பேசர் கடைய வேண்டும். புல்லிகள் ஒரே கோட்டில் இல்லையென்றால் பெல்ட் ஓரம் பிய்ந்துவிடும். நேரான கம்பியை வைத்துப் பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் விலகல் கூடாது.

பெல்ட்டைவிட ஒயரிங்கில்தான் அதிகம் சொதப்புவார்கள். ஆல்டர்நேட்டரின் பி முனையிலிருந்து சோலினாய்டுக்குப் புதிதாக 6 சதுர மி.மீ. ஒயர், ஃபியூஸோடு. பழைய டைனமோ ஒயர் இதைத் தாங்காது. அம்மீட்டர் உள்ள வண்டியில் சார்ஜ் கரண்ட் அதன் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பாக்ஸை இடத்திலேயே விட்டு, டைனமோவிலிருந்து வரும் டி, எஃப் ஒயர்களைக் கழற்றி டேப் சுற்றி, ஏ, ஏ1 முனைகளில் இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பார்வைக்குப் பழையபடியே இருக்கும். டி-யில் இருந்த வார்னிங் லேம்ப் ஒயர் ஆல்டர்நேட்டரின் எல் முனைக்குப் போகவேண்டும். அந்தச் சிறு 2.2 வாட் பல்பு வழியாக வரும் கரண்ட்தான் ஆல்டர்நேட்டரை எழுப்புகிறது. அதில் எல்.இ.டி. போட்டாலோ பல்பு ஃபியூஸ் ஆனாலோ ஐடிலில் சார்ஜ் ஏறாது, ஆல்டர்நேட்டர் போய்விட்டது என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு ஓடுவார்கள். எல்லாம் சரியென்றால் பேட்டரியில் 13.8 முதல் 14.4 காட்டும்.

பேட்டரியின் பாசிட்டிவ் குமிழ் பாடியோடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டியென்றால் ஆல்டர்நேட்டருக்கு முன் நெகடிவ் எர்த்தாக மாற்றியாக வேண்டும். பேட்டரி ஒயரைத் திருப்புங்கள், குமிழ் பருமன் வேறுபடும் என்பதால் கிளாம்பும் மாறும். இக்னிஷன் காயிலின் இரண்டு மெல்லிய ஒயரையும் இடம் மாற்றுங்கள். இதை மறந்தால் வண்டி ஓடும், ஆனால் பிளக்குக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டு ஏற்றத்தில் மிஸ் அடிக்கும். அம்மீட்டர் ஒயர்களையும் திருப்புங்கள். செல்ஃப் மோட்டாரில் எதுவும் செய்யவேண்டாம், அதே பக்கம்தான் சுற்றும். டைனமோவையே வைத்துக்கொண்டு எர்த்தை மட்டும் மாற்றினால், எஃப் ஒயரைப் பாக்ஸிலிருந்து கழற்றி பேட்டரி பாசிட்டிவில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் டைனமோ புதுத் திசையைப் பிடித்துக்கொள்ளும். பாடியில் எலக்ட்ரிக் வெல்டிங் பாக்கி இருந்தால், அது முடியும்வரை ஆல்டர்நேட்டரை மாட்டாதீர்கள்.

டைனமோ உருவத்திலேயே வரும் ஆல்டர்நேட்டர் வெளிநாட்டில் கிடைக்கிறது. அழகான பொருள். வரவழைக்கும் செலவில் இங்கே முழு ஒயரிங்கையும் மாற்றிவிடலாம்.

பாயிண்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள்

எலக்ட்ரானிக் இக்னிஷன் பற்றி நிறையப் பேசுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆடாமல் இருந்தால் பாயிண்ட்டே (காயிலின் கரண்டை வெட்டி ஸ்பார்க்கை எழுப்பும் தொடுமுனை) போதும்: இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., அதைத் திறந்து மூடும் கேமில் ஒரு துளி கிரீஸ், அவ்வளவுதான். பாயிண்ட் கெட்டால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் உப்புத்தாளும் போதும், நாகலூர் ரோட்டோரத்தில் நின்றே சரிசெய்யலாம். மாட்யூல் போனால் டோ வண்டிதான். ஷாஃப்ட் புஷ் தேய்ந்து இடைவெளி நிற்காத டிஸ்ட்ரிபியூட்டருக்கு எலக்ட்ரானிக் நியாயமான வழி. அப்போதும் பழைய தகட்டை பாயிண்ட், கண்டன்சரோடு டிக்கியில் வைத்திருங்கள்.

ரெண்டு பொறிகள். 3 ஓம் காயில் இருக்கவேண்டிய இடத்தில் பேலஸ்ட் வண்டிக்கான (காயிலுக்கு முன்னால் தனி ரெசிஸ்டர் உள்ள வண்டி) 1.5 ஓம் காயிலை நேராக மாட்டினால் 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஓடி, பாயிண்ட் சில நாளிலேயே எரியும். வாங்கும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள். மற்றது, ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டர் அதைச் சரிக்கட்டாது, கலவை கெட்டியாகி பிளக் கறுக்கும், இழுவை குறையும். அதைப் பார்த்து இக்னிஷனைக் கிண்டாதீர்கள்.

சாமான்: காயலான் கடையா, புது டூப்ளிகேட்டா

எலக்ட்ரிகலில் எங்கள் விதி எளிது. உறை, உடல், சுவிட்ச் பழையதே நல்லது. உள்ளே தேயும் பொருள் புதிதாக இருக்கட்டும். டைனமோ உடல், டிஸ்ட்ரிபியூட்டர் உடல், வைப்பர் மோட்டார், ஹாரன் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் பழசாகக் கிடைத்தால் வாங்கிப் பிரித்துப் புதுப்பிக்கலாம். ரோட்டார், கண்டன்சர், பாயிண்ட் செட் ஆகியவற்றைப் பழசாக வாங்கக் கூடாது. கடையில் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய சரக்கு என்றாலும் கண்டன்சர் உள்ளே காய்ந்திருக்கும், ரப்பரும் அப்படியே. டூப்ளிகேட் ரோட்டாரில் நடு ரிவெட்டுக்கும் ஷாஃப்டுக்கும் இடையே பிளாஸ்டிக் மெலிதாக இருந்தால் சூட்டில் ஸ்பார்க் ஷாஃப்டுக்கே இறங்கிவிடும். வண்டி சூடானதும் நிற்கும், ஆறினால் கிளம்பும். கண்டன்சர் போனாலும் இதே அறிகுறிதான், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றிப் பாருங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வரிசையில் பதிவு செய்ய நினைப்பவர்கள் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ரிலேயும் ஒயரிங்கும் அந்தப் பட்டியலில் வராது. ஆனாலும் கழற்றிய டைனமோ, கன்ட்ரோல் பாக்ஸ், பழைய பிராக்கெட் எதையும் எடைக்குப் போடாதீர்கள். விண்டேஜ் பதிவு வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மலைக்குக் கிளம்பும்போது டிக்கியில் இருக்கவேண்டியவை: ஃபேன் பெல்ட் ஒன்று, பாயிண்ட் செட், ரோட்டார், கண்டன்சர், நாலு முனை ரிலே ஒன்று, 10, 15, 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டு, ஹெட்லைட் பல்பு, 2.5 சதுர மி.மீ. ஒயர் மூன்று மீட்டர், திம்பிள் சில, கட்டிங் பிளையர், டெஸ்ட் லேம்ப். கண்டன்சரை மட்டும் புதிதாகவே வைக்காமல், ஒருமுறை மாட்டி அரைமணி நேரம் ஓட்டி, நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு பிறகு கழற்றி வையுங்கள்.